சின்ன வெங்காயம்: சமையலறை ருசி வயலிலேயே முடிவாகிறது!

சாம்பாருக்கு எந்த வெங்காயம், பஜ்ஜிக்கு எந்த வெங்காயம் என்று வீட்டில் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். சந்தையிலும் அப்படித்தான். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையோ செட்டிக்குளமோ, வியாபாரி முதலில் மூட்டைக்குள் கையை விட்டுத் தோல் சலசலக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு ஒரு காயை நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். காரம், கெட்டித்தன்மை, இருப்புத் தாங்கும் குணம் ஆகிய மூன்றுக்காகத்தான் சின்ன வெங்காயத்துக்குத் தனி விலை. இந்த மூன்றும் செடியின் அமைப்பிலேயே இருப்பவை. அந்த அமைப்பு புரிந்தால் எந்த உரம் இடுவது, தண்ணீரை எப்போது நிறுத்துவது, எந்தக் காயை விதைக்கு ஒதுக்குவது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

ஒரே இனம், இரண்டு குணம்

தாவரவியலில் பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் இரண்டுக்கும் 'அல்லியம் சீபா' என்றுதான் பெயர். சின்ன வெங்காயத்தை அதில் 'அக்ரிகேட்டம்' என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். கூட்டமாகக் காய்ப்பது என்பது அதன் பொருள். பழைய நூல்களில் 'அல்லியம் அஸ்கலோனிகம்' என்று தனி இனமாகவே எழுதப்பட்டிருக்கும். பூண்டு இவற்றுக்கு நெருங்கிய உறவு. அதன் பெயர் 'அல்லியம் சட்டைவம்'.

வெங்காயத்தை வேர் என்றும் தண்டு என்றும் பலர் நினைக்கிறார்கள். வேர்களுக்கு மேலே, காயின் அடியில் தட்டையாக இருக்கும் சிறிய தட்டுதான் உண்மையான தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருக்கும் சதை எல்லாம் இலைகளின் அடிப்பாகம். வெளி அடுக்குகள் காய்ந்து தோலாகின்றன. உள் அடுக்குகளில் உணவு சேர்கிறது. அதனால்தான் இலைப்பேன் சுரண்டியோ, இலைக்கருகல் வந்தோ தாள் பாழானால், காயின் அடுக்குகள் மெலிந்து எடை குறைகிறது. தாளைக் காப்பாற்றுவது காயைக் காப்பாற்றுவதற்குச் சமம்.

பெரிய வெங்காயத்தில் அந்தத் தட்டின் நடுவில் பெரும்பாலும் ஒரே குருத்துதான் வளரும். சின்ன வெங்காயத்தில் பல மொட்டுகள் ஒரே சமயத்தில் எழும்பும். ஒவ்வொரு மொட்டும் தனக்கென அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு தனிக் காயாகிறது. ஒரு காயை நட்டால் ஒரு கொத்து கிடைப்பது இதனால்தான். காயைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரண்டு, மூன்று மையங்கள் தெரியும். பொடிசாகக் கழிக்கப்பட்ட பெரிய வெங்காயத்தைச் சின்ன வெங்காயம் என்று யாராவது விற்றால், நாலைந்து காய்களை அறுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

கண்ணீரும் காரமும்

முழு வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தால் கண் எரிவதில்லை; வெட்டினால்தான் எரிகிறது. காரணம், வெங்காயத்தின் செல்களில் கந்தகம் கலந்த பொருள் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரிந்து இருக்கின்றன. கத்தி பட்டதும் தடுப்பு உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது எழும் ஆவிதான் கண்ணைக் கலங்க வைக்கிறது. இந்த ஆவியை உண்டாக்கத் தனியாக இன்னொரு நொதி இருக்கிறது என்பதை 2002-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

நம் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம் இந்த ரசாயனத்தை எப்போதோ புரிந்துகொண்டது. சாம்பாரிலும் வத்தக்குழம்பிலும் சின்ன வெங்காயத்தை முழுசாக நல்லெண்ணெயில் வதக்கிப் போடுகிறார்கள். செல் உடைவதற்கு முன்பே சூடு பட்டு நொதி செயலிழந்துவிடுவதால் காரம் எழும்புவதில்லை. உள்ளே இருக்கும் இனிப்பு மேலோங்குகிறது. அதே வெங்காயத்தை உரலில் நசுக்கிப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்டால் காரம் சுரீர் என்று ஏறும். காய் ஒன்றுதான், செல் உடைவது சூட்டுக்கு முன்பா, பின்பா என்பதில்தான் ருசி மாறுகிறது.

அடுத்தது கெட்டித்தன்மை. 100 கிராம் பெரிய வெங்காயத்தில் சுமார் 87 கிராம் தண்ணீர். சின்ன வெங்காயத்தில் சுமார் 84 கிராம். வித்தியாசம் 3 கிராம்தானே என்று தோன்றும். தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருளைப் பார்த்தால் 13-க்கு 16. அதாவது கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல். அரைத்த சட்னி நீர்க்காமல் நிற்பதும், குழம்பு திக்காக வருவதும், வடகம் நன்றாகக் காய்வதும் இதனால்தான். பஜ்ஜி, தயிர்ப்பச்சடி, பிரியாணி போன்றவற்றுக்குப் பெரிய வளையமும் மிதமான காரமும் தேவை. அங்கே பெரிய வெங்காயம்தான் பொருந்தும்.

காரம் குறைந்தால் உரத்தைப் பாருங்கள்

காரத்துக்கு மூலப்பொருள் கந்தகம். மண்ணில் கந்தகம் இல்லாவிட்டால் எந்த ரகத்தை நட்டாலும் வாசனை குறையும். சின்ன வெங்காயத்துக்கு ஏக்கருக்கு 10 டன் தொழுவுரத்துடன் 12 கிலோ தழைச்சத்து, 24 கிலோ மணிச்சத்து, 12 கிலோ சாம்பல்சத்து அடியுரமாகவும், 30-ம் நாள் 12 கிலோ தழைச்சத்து மேலுரமாகவும் இடுவது பொதுப் பரிந்துரை. மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி இட வேண்டும்.

இந்த 24 கிலோ மணிச்சத்தை எந்த உரத்தின் மூலம் கொடுக்கிறோம் என்பது முக்கியம். டி.ஏ.பி-யாக இட்டால் கந்தகம் கிடைக்காது. சூப்பர் பாஸ்பேட்டாக 150 கிலோ இட்டால், மணிச்சத்துடன் சுமார் 16 கிலோ கந்தகமும் கூடவே கிடைத்துவிடும். டி.ஏ.பி இடுபவர்கள் ஏக்கருக்கு 100 கிலோ ஜிப்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிர் பச்சைப் பசேல் என்று இருக்கட்டும் என்று 40 நாளுக்கு மேல் யூரியா போடுவது பெரிய தவறு. தாள் செழிக்கும், கழுத்து தடிக்கும், காய் நீர் கோத்துக்கொள்ளும். தடித்த கழுத்து காயாமல் ஈரம் தங்கி, அந்த வழியாக அழுகல் இறங்கும். அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது. பெரும்பகுதி மேல் அரை அடி மண்ணிலேயே இருக்கும். ஆகவே அதுவரை சிறுகச் சிறுக, அடிக்கடி பாய்ச்சுவதே நல்லது.

விதைக்காயா, விதையா?

சின்ன வெங்காயச் சாகுபடியில் பெரிய செலவு விதைக்காய்தான். ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை தேவைப்படும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 600 கிலோவுக்கு 30,000 ரூபாய். விலை ஏறும் வருடத்தில் இது இரட்டிப்பாகும்.

பெரும்பாலான நாட்டு ரகங்கள் நம் சமவெளியில் பூத்து விதை பிடிப்பதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ (ஆன்) 5 ரகம் பூத்து விதை பிடிக்கும் தன்மை கொண்டது. ஏக்கருக்கு சுமார் 1 கிலோ விதை போதும். நாற்றங்காலில் 40 முதல் 45 நாள் வளர்த்து நட வேண்டும். கூடவே இரண்டு விஷயங்களைக் கணக்கில் வைக்க வேண்டும். விதைக்காய் நட்டால் 60 முதல் 70 நாளில் அறுவடை. நாற்று வழியில் நாற்றங்கால் நாள்களும் கூடும். வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு தாண்டினால் முளைப்புத்திறன் வேகமாகச் சரியும். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து, 100 விதைகளை ஈரத் துணியில் முளைக்கட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

விதைக்காய் நடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காயிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் அச்சு அசல். நல்ல குணம் வருவது போலவே நோயும் கூட வரும். அடியழுகல் பூசணம் அந்த அடித்தட்டில்தான் ஒளிந்திருக்கும். அதனால் அறுவடையில் மிஞ்சியதை விதைக்கு வைப்பதை விட்டுவிட்டு, பயிர் நிற்கும்போதே நோயில்லாத பகுதியைக் குறித்துவைத்து அதிலிருந்து எடுக்க வேண்டும். அடித்தட்டு மெத்தென்றோ, பழுப்பாகவோ இருக்கும் காய்களைத் தயங்காமல் கழிக்க வேண்டும். நடவுக்கு முன் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடலாம். அழுகல் கண்ட நிலத்தில் உடனே மீண்டும் வெங்காயம் வைக்காமல் சோளம், மக்காச்சோளம் என்று பயிரை மாற்றுவது அவசியம்.

பட்டறையும் வடகமும்

விலை சரிந்த நாளில் கைகொடுப்பது இருப்புத் தாங்கும் குணம்தான். பெரம்பலூர், துறையூர் பகுதிகளில் வயலோரம் நிற்கும் பட்டறைகள் அந்த அறிவின் அடையாளம். அடியில் கற்கள் வைத்து உயர்த்தி, மேலே கம்புகளைப் பரப்பி, பக்கங்களில் காற்று போகும்படி தட்டி கட்டி, தென்னங்கீற்றால் மூடுகிறார்கள். அடியிலும் பக்கத்திலும் காற்று ஓட வேண்டும். மேலே மழை இறங்கக் கூடாது. பிடுங்கிய காயை நிழலில் நாலைந்து நாள் பரப்பி, கழுத்து நன்றாகச் சுருங்கிய பிறகே பட்டறையில் ஏற்ற வேண்டும். காயம்பட்ட காய் ஒன்று உள்ளே போனால் சுற்றியுள்ள காய்களையும் கெடுத்துவிடும்.

பொடிக்காய்க்கு விலை கிடைக்காதபோது வடகம் ஒரு வழி. நறுக்கிய வெங்காயத்துடன் ஊறவைத்து அரைத்த உளுந்து, பூண்டு, கடுகு, சீரகம், மஞ்சள், உப்பு கலந்து உருட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரம் காயவைப்பது பழைய முறை. விற்பனைக்குச் செய்யும் மகளிர் குழுக்கள் ஒரு கணக்கை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். 10 கிலோ சின்ன வெங்காயத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது ஒன்றரை கிலோ சொச்சம். மீதி எடை பருப்பும் மசாலாவும்தான். இதை வைத்து விலை நிர்ணயித்தால் நஷ்டம் வராது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதும் கட்டாயம்.

வாசகர் கேள்விகள்

பெரிய வெங்காய விதையை நெருக்கி நட்டால் சின்ன வெங்காயம் கிடைக்குமா?
காய் சிறுத்துப்போகும், ஆனால் கொத்தாகப் பிரியாது. காரமும் கெட்டித்தன்மையும் சின்ன வெங்காயம் போல் இருக்காது.

அறுவடை செய்த காயை உடனே நடலாமா?
கூடாது. புதுக்காய்க்கு உறக்கக் காலம் உண்டு. உடனே நட்டால் முளைப்பு சீராக இருக்காது. இரண்டு, மூன்று மாதம் இருப்பு வைத்த காயை நடுங்கள்.

முளைத்த வெங்காயத்தையும், மேலே கறுப்புப் பொடி படிந்ததையும் சமைக்கலாமா?
முளைத்ததைச் சமைக்கலாம், அடுக்குகள் மட்டும் சற்று மெலிந்திருக்கும். கறுப்புப் பொடி ஒரு பூசணம். மேல் தோலோடு நின்றிருந்தால் அந்த அடுக்கை நீக்கிக் கழுவிப் பயன்படுத்தலாம். உள்ளே இறங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

விலை போகாத வெங்காயத்தை மாட்டுக்குப் போடலாமா?
கூடை கூடையாகக் கொட்டக் கூடாது. வெங்காயத்தில் உள்ள கந்தகப் பொருள்கள் மாட்டின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீர் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனால், மாடு சோர்ந்து படுத்தால், உடனே வெங்காயத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஆடுகள் ஓரளவு தாங்கும் என்றாலும் அவற்றுக்கும் அளவு மீறக் கூடாது. கழிவு வெங்காயத்தை மக்கவைத்து உரமாக்குவதே நல்லது. அழுகல் நோய் கண்ட காய்களாக இருந்தால், அந்த உரத்தை வெங்காய வயலுக்கு மட்டும் இட வேண்டாம்.