உரைத்தொகுப்பி கோப்பினைத் திறக்குமாறு

கணிப்பொறியில் எழுதி வைத்த தமிழ்க் கட்டுரையொன்றைச் சின்னாள் கழித்துத் திறந்து நோக்குங்கால், தமிழெழுத்து ஒன்றேனும் இன்றி, தலைமேற் கோடிட்ட ஆங்கில ஏகாரமும் வட்டத்துள் அடைபட்ட ஆர் என்னும் எழுத்தும் மாறிமாறி நிரல்பட நிற்கக் கண்டோர் நம்முட் பலராவர். கோப்புக் கெட்டொழிந்தது என்று அதனை நீக்கிவிடுவாரும் உளர். உண்மையில் அக்கோப்பு யாதொரு கேடும் அடைந்திலது. அதனைத் திறந்த உரைத்தொகுப்பியே அதனைப் பிறழ உணர்ந்தது. அப்பிறழ்ச்சி எதனால் நிகழ்கின்றது, அது நிகழாவண்ணம் தொகுப்பியை அமைத்துக்கொள்வது எங்ஙனம், யாது செய்யின் கோப்பு மெய்யாகவே கெடும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

கோப்பென்பது யாதெனின், 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நிரலேயாம். அவ்வெண் ஒவ்வொன்றும் பைட்டு எனப்படும். வட்டின்கண் எழுத்து யாண்டும் இல்லை, எண்ணே உண்டு. இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்படிக்கையைக் குறிமுறை என்பர். வெற்றுரைக் கோப்பு தனது குறிமுறையின் பெயரைப் பெரும்பாலும் தன்னுட் கொண்டிருப்பதில்லை என்பதே இடர்ப்பாடு அனைத்திற்கும் மூலம். ஓலைச்சுவடி பயின்றார்க்கு இஃது எளிதின் விளங்கும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ரகரமும் காலும் ஒரு வடிவாகவே நிற்கும். படிப்போனே இடம் நோக்கித் துணிதல் வேண்டும். அவன் செய்த அத்தொழிலையே உரைத்தொகுப்பியும் செய்கின்றது. ஆயின் பொருளுணர்ச்சி அதற்கு இன்று. எண்களின் ஒழுங்கு ஒன்றே அதற்குச் சான்று.

இற்றை நாளில் உலகெங்கும் வழங்கும் குறிமுறை யூனிகோட் ஆகும். அதனைக் கோப்பில் எழுதும் முறைகளுள் தலைசிறந்தது யூ.டி.எஃப்.-8. அகரத்தை இம்முறையில் எழுதுங்கால் 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள் அமைகின்றன. தமிழெழுத்துகளும் குறிகளும் எல்லாம் இங்ஙனம் மும்மூன்று பைட்டுகளாய், 224 என்பதை முதலிலும் 174 அல்லது 175 என்பதை இரண்டாவதாகவும் கொண்டு வரும். இனி, மேலைநாட்டு மொழிகளுக்கென அமைந்த லத்தீன்-1 என்னும் பழைய குறிமுறையில், 224 என்பது தலைக்கோடிட்ட ஏகாரம். 174 என்பது வட்டத்துள் அடைபட்ட ஆர். யூ.டி.எஃப்.-8 கோப்பை லத்தீன்-1 எனக் கொண்டு திறந்தமையின் அவ்விரண்டும் திரும்பத்திரும்பத் தோன்றின, பிறிதொன்றும் அன்று. ஆகலின் அவ்விரண்டு வடிவும் அடுத்தடுத்து வரக் கண்டவிடத்து, கோப்பு நலமாகவே உளது என்று துணிந்து, யூ.டி.எஃப்.-8 என்று குறித்து மீளத் திறப்பின் தமிழ் முழுதும் வெளிப்படும்.

தொகுப்பிகளுள் விம் என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். 1976-இல் பில் ஜாய் என்பார் இயற்றிய விஐ என்னும் தொகுப்பியைப் பின்பற்றி, ஆலந்து நாட்டினராகிய பிராம் மூலனார் 1991-இல் இதனை வெளியிட்டார். விலையின்றி வழங்கி, விரும்புவோர் உகாண்டா நாட்டுக் கிபாலே என்னும் ஊரின் ஏழைச் சிறுவர்க்குப் பொருளுதவி செய்க என்று மட்டும் வேண்டிக்கொண்ட அவர் 2023-இல் காலமானார். விம் கோப்பினைத் திறக்குங்கால் எந்தெந்தக் குறிமுறைகளை எவ்வரிசையிற் பொருத்திப் பார்த்தல் வேண்டும் என்பதை ஃபைல்என்கோடிங்ஸ் என்னும் அமைப்பு உரைக்கின்றது. முதலாவது, கோப்பின் தொடக்கத்தில் யூனிகோட் அடையாளக்குறி உளதா என்று காணும், இன்றேல் யூ.டி.எஃப்.-8, அதுவும் பொருந்தாதாயின் கணிப்பொறியின் இயல்பு முறை, ஈற்றில் லத்தீன்-1. முதற்கண் பொருந்தியது எதுவோ அதனையே மெய்யெனக் கொண்டு திறக்கும்.

இவ்வரிசை மனம்போனவாறு வைத்ததன்று. யூ.டி.எஃப்.-8 கண்டிப்புடையது. 224 முதல் 239 வரையுள்ள ஓர் எண் வரின், அதனைத் தொடர்ந்து 128 முதல் 191 வரையுள்ள எண்கள் இரண்டு வந்தே தீரல் வேண்டும். அவ்விடை எண்கள் தாமே முதலில் நிற்றலும் ஆகாது. வேறு முறையில் எழுதிய கோப்பு இவ்விதிகளை நெடுந்தூரம் மீறாது செல்லுதல் அரிது. லத்தீன்-1 முறையோ வாயிற்காவல் இல்லாத மனை போல்வது. எவ்வெண் வரினும் ஒரு வடிவு காட்டி ஏற்றுக்கொள்ளும். அதனை வரிசையின் முதலில் வைப்பின், எக்கோப்பும் அதனைத் தாண்டிச் செல்லாது, யூ.டி.எஃப்.-8 முறைக்கு வாய்ப்பே வாராது. இதனை உணராதார் அமைப்பைத் திருத்தப் புகுந்து, தம் தமிழ்க் கோப்புகளையெல்லாம் ஒருங்கே அலங்கோலமாக்கிக்கொள்வர்.

கண்டிப்பான விதியின்றி உத்தேசத்தால் துணிவதன் விளைவை நோட்பேட் என்னும் தொகுப்பி நன்கு காட்டிற்று. விண்டோஸ் எக்ஸ்பி இயங்கிய காலத்தில், புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ் என்னும் சிறு ஆங்கிலத் தொடரை அதில் எழுதிச் சேமித்து மீளத் திறப்பின், ஆங்கிலம் மறைந்து ஒன்பது சீன எழுத்துகள் அல்லது ஒன்பது வெறுங்கட்டங்கள் தோன்றின. அரசியற் சூழ்ச்சி என்று நகைத்தவரும் ஐயுற்றவரும் உண்டு. அத்தொடர் இடைவெளி உட்பட 18 பைட்டுகள் உடையது, இவ்விரண்டு பைட்டுகளால் ஓரெழுத்து ஆகும் குறிமுறை போலும் என நோட்பேட் கணித்து மயங்கிற்று, அவ்வளவே. விஸ்டாவில் அம்மயக்கம் நீங்கியது. 2019 முதல் நோட்பேட் புதிய கோப்புகளை யூ.டி.எஃப்.-8 முறையிலேயே இயல்பாக எழுதுகின்றது.

இனித் தமிழ் மாணாக்கராகிய எம்மை நேரே தொடும் பகுதிக்கு வருவாம். யூனிகோட் பரவுதற்கு முன்னர்த் தமிழ்க் கோப்புகள் வெவ்வேறு குறிமுறைகளில் எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்று டிஸ்கி. 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டத்தார் தொடக்க ஆண்டுகளில் நூல்கள் பலவற்றை இம்முறையிலேயே வெளியிட்டுப் பின்னர் யூனிகோட்டுக்கு மாற்றினர். தமிழ் என்னும் சொல் டிஸ்கியில் 190, 193, 162, 250 என்னும் நான்கே பைட்டுகள், யூ.டி.எஃப்.-8 முறையிலோ பதினைந்து. 190 முதலில் நிற்றல் ஆகாது என்பதனால் விம் உடனே யூ.டி.எஃப்.-8 அன்று எனத் தெளிந்து, கணிப்பொறியின் இயல்பு முறையும் பொருந்தாதவிடத்து லத்தீன்-1 முறைக்குச் செல்லும். அங்கு 190 என்பது முக்கால் என்னும் பின்னக்குறி. ஆதலின் தமிழ் என்னும் சொல் முக்காற்குறியில் தொடங்கும் ஒரு புதிராகத் தோன்றும். காட்சிக்கு அது கொடிதாயினும் கோப்புக்குத் தீங்கில்லை. எண்ணுக்கு ஒரு வடிவும், வடிவுக்கு ஓர் எண்ணும் உண்மையின், அவ்வண்ணமே சேமிப்பினும் பழைய எண்களே திரும்ப எழுதப்படும்.

விஎஸ் கோட் என்னும் புதிய தொகுப்பி வேறு வழியிற் செல்கின்றது. அது தன் இயல்பமைப்பில் ஊகம் செய்வதில்லை, யூ.டி.எஃப்.-8 என்றே கொண்டு திறந்து, விதிக்கு மாறான பைட்டு வந்தவிடந்தோறும் வினாக்குறி பொறித்த கரிய சாய்சதுரம் ஒன்றை இடும். தமிழ் என்னும் சொல் நான்கு சாய்சதுரங்களாகும். அந்நிலையில் ஒரு சொல்லைத் திருத்திச் சேமிப்பின், சாய்சதுரம் ஒவ்வொன்றும் 239, 191, 189 என்னும் மூன்று பைட்டுகளாய் எழுதப்படும். தகரமும் மகரமும் இகரக்குறியும் ழகரமெய்யும் ஒன்றே ஆயின. எது எதுவாயிருந்தது என்று இனி எவராலும் கூறல் இயலாது. அழகிற் குறைந்த விம்மின் வழியே இவ்விடத்து நன்று என்பது எமது துணிபு.

இஃது ஏட்டளவில் நின்ற அச்சம் அன்று. எம் துறைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அளித்துச் சென்ற கோப்புகள் 11 உள. நெல்வகை, வலைவகை, ஏர்க்கருவி ஆகியவற்றின் வட்டாரப் பெயர்களை ஊர் முதியோர்பால் நேரிற் கேட்டு அவர் டிஸ்கியில் தொகுத்தவை அவை. கையெழுத்துப்படி இன்று இல்லை. சொல்லியோருள் பலர் மறைந்தனர். அக்கோப்புகளுள் இரண்டு, யாரோ புதிய தொகுப்பியில் திறந்து சேமித்தமையால், முதல் வரி தொடங்கி ஈற்று வரி காறும் சாய்சதுரங்களாகவே உள்ளன. அவற்றில் எஞ்சியவை சொற்களுக்கு இடையேயுள்ள வெளிகளும் ஆண்டெண்களும் மட்டுமே. ஏனைய ஒன்பதும் விம் வழியாக முழுமையாய் மீண்டன. மீன்வலைப் பெயர்கள் இருந்தது இழந்த இரண்டனுள் ஒன்றில்.

மீட்ட முறை இது. லினக்ஸ் கணிப்பொறியில் ஐகான்வ் என்னும் குறிமுறைமாற்றி டிஸ்கியை அறியும். விம் அதன் துணையைக் கொள்ளும். திறக்கும் கட்டளையாகிய ஈ என்பதன் பின் இரண்டு கூட்டற்குறியும், என்க் என்னும் சொல்லும், சமக்குறியும், டிஸ்கி என்னும் பெயரும் இட்டு ஏவினால், கோப்பு தமிழாய்த் திறக்கும். டிஸ்கியில் எகரக்குறி ககரத்தின் முன்னே எழுதப்படும்; யூனிகோட்டில் பின்னே. அம்முன்பின் மாற்றத்தையும் மாற்றியே செய்து தருகின்றது. பின்னர் ஃபைல்என்கோடிங் என்பதை யூ.டி.எஃப்.-8 ஆக்கி, வேறு பெயரிற் சேமித்தல் வேண்டும். பழைய தமிழ்க் கோப்பு மட்டுமே கையாளுவோர், வரிசையின் ஈற்றில் லத்தீன்-1 நின்ற இடத்தில் டிஸ்கியை வைத்துக்கொள்ளலாம்; ஆயின் பழைய பிரெஞ்சுக் கோப்பொன்று வரின் அதன் குறியிட்ட எழுத்துகள் தமிழாய்த் தோன்றும்.

இவ்வமைப்புகளால் தீராத ஒன்றும் உண்டு. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே அமர்ந்துள்ளன. தமிழ் என்று எழுதிய சொல், கோப்பினுள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாய் நிற்கும். அது யூ.டி.எஃப்.-8 விதிக்குச் சிறிதும் மாறன்று. எத்தொகுப்பியும் ஐயுறாது திறந்து ஆங்கிலமாகவே காட்டும். வெற்றுரைக் கோப்பு எழுத்துருவின் பெயரைச் சுமப்பதில்லை. இதற்கு எழுத்துமாற்றிகளே துணை.

வரியீற்றுக் குறி வேறுபாட்டைப் பற்றி மிகுத்துரைக்க வேண்டா. 2018-இல் நோட்பேடும் அதனைக் கற்றுக்கொண்டது. ஆயின் மோட்லைன் என்பது குறிக்கத்தக்கது. கோப்பின் முதல் ஐந்து வரியிலோ ஈற்று ஐந்து வரியிலோ எழுதிய ஒரு குறிப்பால், தன்னைத் திறந்து காட்டுமாறு இன்னதென்று கோப்பே விம்முக்கு ஆணையிடலாம். 2019-இல், இவ்வழியே தீய கட்டளையும் உட்புகக்கூடும் என்று கண்டறிந்து திருத்தினர். அயலார் தந்த கோப்புகளை மிகுதியாகத் திறப்போர் அதனை அணைத்துவைத்தல் நலம்.

விஎஸ் கோட் பயன்படுத்துவோர்க்கு இறுதியாக ஒன்று. சாளரத்தின் அடிப்பட்டியிலுள்ள குறிமுறைப் பெயரைத் தொட்டால் இரண்டு தேர்வுகள் தோன்றும்: குறிமுறை மாற்றி மீளத் திறத்தல், குறிமுறை மாற்றிச் சேமித்தல். சாய்சதுரம் கண்டவிடத்து முன்னதையே தேர்க. பழைய கோப்பின் படியொன்றை அதற்கு முன்னரே வேறிடத்து எடுத்து வைக்க.