முப்பது வருஷத்துச் சொட்டு மருந்து

பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் கைக்குழந்தையின் வாயில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு வீடு திரும்பும் தாய்மார் எத்தனையோ பேர்; அத்தகைய மருந்தை நம் நாட்டுக் கிருமியிலிருந்தே ஆக்கிக் காட்டியவர்களுள் ஒருவர் திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார்.

வேளாண்மை படித்து, பேயர் கம்பெனியில் சிலகாலம் உத்தியோகம் பார்த்து, அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து டாக்டர் பட்டமும் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பதவியும் பெற்று, அங்கேயே நிலைத்துவிடக்கூடிய தறுவாயில் இருந்த கிருஷ்ணா எல்லாவை ஊருக்கு இழுத்தவர் அவருடைய தாயார். எவ்வளவு சம்பாதித்தாலும் வயிறு ஒரு சாண்தானே என்று அந்த அம்மாள் கேட்டதாக அவரே சொல்வதுண்டு. 1996-ல் மனைவி சுசித்ராவுடன் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்.

முதலில் எடுத்துக்கொண்டது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. வைரஸின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவை ஈஸ்ட்டுக்குள் புகுத்தினால் ஈஸ்ட்டே அப்புரதத்தைச் செய்து தந்துவிடும். அதைச் சுத்திகரிப்பதில்தான் செலவெல்லாம். சீசியம் குளோரைடு என்னும் விலையுயர்ந்த உப்பில்லாமலே அதைச் செய்ய கிருஷ்ணா எல்லா வழி கண்டார். அதே நகரத்து சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-லேயே இத்துறையில் முந்திக்கொண்டுவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரோட்டாவின் கதையோ வேறு மாதிரி. 1980-களின் நடுவில், டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சிசுக்கள் சில, இந்த வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு காணாமல் சௌக்கியமாயிருந்ததைக் கவனித்து, அச்சிசுக்களிடமிருந்து 116ஈ என்னும் சாதுவான வகையைப் பிரித்தெடுத்தவர்கள் மகராஜ் கிஷன் பானும் அவருடைய சகாக்களும். அதை பாரத் பயோடெக் தன் ஆலையில் பெருக்கி, வேளைக்கு ஒரு டாலருக்குமேல் வாங்குவதில்லை என்று வாக்களித்து, டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பரிசோதித்து, 2015-ல் வெளியிடுவதற்குள் ஏறத்தாழ முப்பது வருஷம் ஓடிவிட்டது. கடுமையான நோயை முதல் வருஷத்தில் சுமார் 56 சதவீதம் அது தடுத்தது. பூரணமான காப்பு அல்லதான், ஆயினும் ஏழை நாட்டுக்கு அற்பமானதும் அன்று. சர்க்கார் பணமும் அயல்நாட்டு அறநிதியும் வேலூர் டாக்டர்களின் பிரயாசையும் சேர்ந்த இக்காரியத்தை ஒரு முதலாளியின் வீரகதையாகப் பாடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இத்தனை பொறுமை காட்டிய அதே ஸ்தாபனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து ஆக்கிய கோவாக்ஸின் என்னும் கோவிட் தடுப்பூசிக்கு, மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவுகள் வெளிவருமுன்பே, 2021 ஜனவரியில் அவசர அனுமதி பெற்றது. விஞ்ஞானிகள் பலர் ஆட்சேபித்தார்கள், அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். முடிவுகள் பின்னால் வந்து, நவம்பரில் உலக சுகாதார நிறுவனமும் அங்கீகரித்தது. மறு வருஷம் தம்பதியர் இருவருக்குமாகப் பத்ம பூஷண் கிடைத்தது.