பைன் ஊசியிலையின் வாசனை எங்கே பிறக்கிறது?

ஸ்காட்ஸ் பைன் மரத்தின் ஊசியிலையைக் கசக்கினால் வாசனை குப்பென்று எழும். அது இலை முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை.

இலையைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்குச் சற்று உள்ளே சிறு வட்டத் துளைகள் தெரியும். நீளவாக்கில் ஓடும் பிசின் குழாய்கள்தான் அவை. குழாயைச் சுற்றி மெல்லிய சுவருள்ள சுரப்புச் செல்கள். அதற்கு வெளியே தடித்த செல்களாலான உறை.

வேலை நடப்பது சுரப்புச் செல்களின் பச்சையமற்ற கணிகங்களில். ஐந்து கார்பன் கொண்ட துண்டுகள் இரண்டு அங்கே இணைகின்றன. அந்தப் பத்துக் கார்பன் சங்கிலியை நொதி ஒன்று வளையமாக மடக்க, பைனீன் உருவாகிறது. எளிதில் ஆவியாவதால் மூக்கை எட்டுவது இதுதான். நான்கு துண்டுகள் சேர்ந்தால், ஆவியாகாமல் ஒட்டிக்கொள்ளும் பிசின் அமிலங்களுக்கு வழி பிறக்கிறது.

எதற்கு இவ்வளவு பாடு? இலையைக் கடிக்கும் பூச்சியையும் காயத்தில் நுழையும் பூஞ்சையையும் தடுக்கத்தான்.

ஆனால் பைன் ரம்பப்பூச்சியின் புழுக்கள் இதற்கு அசருவதில்லை. தின்னும்போதே பிசினை முன்குடலின் இரு பைகளில் சேர்த்துவைத்து, தாக்க வரும் எறும்புகள்மீது கக்குகின்றன. இந்த வியப்பான தந்திரத்தை 1974-இல் தாமஸ் ஐஸ்னர் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில் விவரித்தனர்.