வீடு கட்ட உடனடி அனுமதி! விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

ஒட்டன்சத்திரம்,-

வீடு கட்டப் போகிறவர் முன்பெல்லாம் செருப்புத் தேய நடந்தார். சுருட்டிய பிளானைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஒரு நடை. "சார் சைட்டுக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்று பதில். மறுநாள் இன்னொரு நடை. ஆனியில் கொடுத்த பிளான் ஐப்பசியில் கைக்கு வந்தால் அதிர்ஷ்டம்!

இப்போது சின்ன வீடு கட்டுகிறவருக்கு அந்த அலைச்சல் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது அனுமதி கையில் இருக்கிறது.

சுயசான்று முறை என்று இதற்குப் பெயர். 2024-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட். கட்டுகிற பரப்பு 3,500 சதுர அடியைத் தாண்டக் கூடாது. தரைத்தளமும் மிஞ்சிப் போனால் அதன் மேல் ஒரு மாடியும்தான். குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே இந்தச் சலுகை. கடை, மண்டி, லாட்ஜ், கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் பழைய வழியில்தான் போக வேண்டும்.

பத்திரம், பட்டா, பிளான் எல்லாவற்றையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றிப் பணத்தைக் கட்டினால் முடிந்தது. கூர்ந்தாய்வுக் கட்டணம் கிடையாது. கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்று வாங்க வேண்டியதும் இல்லை.

நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்ல காலம்தான். சந்தேகம் இல்லை. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

கையெழுத்து யாருடையது?

சுயசான்று என்றால் என்ன அர்த்தம்? "விதிப்படி கட்டுகிறேன்" என்று வீட்டுக்காரரே எழுதிக் கொடுக்கிறார் என்று அர்த்தம். முன்பு பிளானை ஒரு ஆபீசர் பார்த்தார். நன்றாகப் பார்த்தாரோ, மேம்போக்காகப் பார்த்தாரோ, ஒரு ஜோடிக் கண் அதன் மேல் பட்டது. இப்போது அந்தக் கண்ணும் இல்லை. பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அது தெரிய வரும்போது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறியிருப்பார்கள்!

விதி தளர்ந்துவிட்டது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அனுமதி வாங்கும் வழிதான் சுருங்கியது. விதி அப்படியேதான் இருக்கிறது.

நகராட்சிகளுக்கு 1972-ல் வந்த கட்டட விதிகள், ஊராட்சிகளுக்கு 1997-ல் வந்த விதிகள், சென்னைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடந்ததை எல்லாம் சேர்த்து, 2019 பிப்ரவரியில் ஒரே தொகுப்பாகத் தமிழ்நாடு அரசு கொண்டு வந்தது. ஒட்டன்சத்திரம் நகராட்சியில் கட்டினாலும், பக்கத்துக் கிராமத்தில் கட்டினாலும் அதே புத்தகம்தான். சுற்றிலும் விட வேண்டிய இடம், மாடிப்படியின் அகலம், காற்று வர ஜன்னல், மழைநீர்த் தொட்டி, மொட்டை மாடியில் சூரிய சக்திக்கு வசதி எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தியா முழுவதற்கும் வழிகாட்டும் தேசியக் கட்டடக் குறிப்பேடு 1970-ல் முதலில் வெளிவந்தது. 1983, 2005, 2016 என்று அதையும் திருத்தியிருக்கிறார்கள்.

பிணத்தின் மேல் பிறந்த விதி

இந்தத் திருத்தங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து யோசித்து மட்டும் வந்தவை அல்ல. பல விதிகளுக்குப் பின்னால் சுடுகாடு இருக்கிறது.

2001 ஜனவரி 26-ந் தேதி குஜராத் மாநிலம் பூஜ் பூகம்பம். அடுத்த ஆண்டே நில அதிர்வு விதிகள் திருத்தப்பட்டன. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளித் தீ. சமையல் கூடத்தில் பற்றிய நெருப்பு கூரைக்குத் தாவியது. 94 பிஞ்சுகள் கருகின. அதன் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் ஓலைக் கூரை கூடாது என்ற உத்தரவு கண்டிப்பானது.

2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் பலி. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அதெல்லாம் தூரத்து ஊர் என்று சொல்ல முடியாது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ்சில் ஒரு மணி நேரம் போனால் திண்டுக்கல். 2024 டிசம்பர் 12-ந் தேதி இரவு அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் கிளம்பிய புகை மாடிகளில் நிறைந்தது. 6 பேர் இறந்தனர். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்டும் பிழைக்க வைக்க முடியவில்லை. எமனாக வந்தது நெருப்பு அல்ல, புகை. தீப்பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது, படிக்கட்டில்தான் இறங்க வேண்டும் என்று சொல்வார்கள். அந்தப் படிக்கட்டு அகலமாக, சாமான் அடைக்காமல், புகை வெளியேற வழியோடு இருந்தால்தானே இறங்க முடியும்? படிக்கட்டுக்கு விதி எழுதி வைத்திருப்பது அதற்காகத்தான்.

மேஸ்திரி சொன்னால் சரி!

வீட்டுக்கு வருவோம். நம் பக்கம் வீடு எப்படி எழும்புகிறது? என்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுப்பார். கையெழுத்தும் போடுவார். அதோடு சரி. அப்புறம் எல்லாம் மேஸ்திரி ராஜ்யம்.

"ஏனுங்க மேஸ்திரி, பிளான்ல கம்பி எட்டுன்னு போட்டிருக்கு, ஆறுதான் நிக்குது?"

"அட, சும்மா இருங்கம்மா. இருவது வருசமா கட்டறேன். எந்த வீடு விழுந்துச்சு?"

வீட்டுக்காரம்மா வாயை மூடிக்கொள்வார். மேஸ்திரி கெட்டவர் அல்ல. அனுபவஸ்தர். வீட்டுக்காரருக்கு நாலு காசு மிச்சமாகட்டும் என்றுதான் நினைக்கிறார். ஆனால் அவர் பார்த்தது பெரும்பாலும் ஓட்டு வீடும் ஒற்றை மாடியும். காலம் மாறி, "மகன் கல்யாணத்துக்கு மேலே ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று எல்லாரும் இரண்டாவது மாடிக்குக் கை நீட்டுகிறார்கள். அஸ்திவாரம் ஒரு மாடிக்குப் போட்டது. தாங்குமா என்று அதைக் கேட்பாரில்லை. சுயசான்றில் வாங்கிய அனுமதி தரையும் ஒரு மாடியும் மட்டுமே. அதற்கு மேல் ஒரு செங்கல் வைத்தாலும் அது அனுமதி இல்லாத கட்டடம்.

காங்கிரீட் போடும் நாளில் நடக்கிற கூத்து தனி. கலவை கெட்டியாக இருந்தால் அள்ளவும் கொட்டவும் சிரமம். "இன்னொரு குடம் ஊத்து" என்று ஒரு சத்தம் வரும். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரக் கூடாது. மணலில் உள்ள ஈரமும் இந்தக் கணக்கில்தான். கூட ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் காங்கிரீட்டின் பலத்தைக் குடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. பத்து வருஷம் கழித்து மேல்தளம் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும்போது தெரியும்.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் வைக்காமல் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகுவது இன்னொரு பழக்கம். மேல்தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று கம்பியை மூடிக் காங்கிரீட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். கவர் பிளாக் என்ன விலை? ஒரு டீ செலவு கூட ஆகாது.

போட்ட பிறகு தண்ணீர் விட வேண்டும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள். இப்போது கடையில் அதிகம் விற்கிற பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாள். மேல்தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தி, தூணில் ஈரச் சாக்கைச் சுற்றினால், பைப்பைப் பிடித்து அடித்து வீணாக்குகிற தண்ணீரில் பெரும்பகுதி மிச்சம்.

மணல் விஷயத்திலும் ஏமாறக் கூடாது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகி, எல்லாரும் எம்-சாண்டுக்கு வந்துவிட்டார்கள். ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் கல்லை அளவாக உடைத்துக் கழுவி எடுப்பது எம்-சாண்ட். கிரஷரில் மிஞ்சும் தூளும் பார்க்க அதே சாயலில் இருக்கும். லோடு இறங்கும்போது ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பார்த்தால் போதும். கையெல்லாம் மாவாக ஒட்டினால் லாரியைத் திருப்பி அனுப்பலாம்.

கரண்ட் வேலையில் ஒன்றை விடக் கூடாது. மின் கசிவு வந்தால் தானே விழுகிற டிரிப்பர், 30 மில்லி ஆம்பியர் அளவில். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிற குழந்தையைக் காப்பது அதுதான்.

மலையில் கதை வேறு

ஒட்டன்சத்திரத்திலிருந்து தெற்கே திரும்பினால் வடகாடு, பாச்சலூர் என்று மலை ஏறுகிறது ரோடு. அந்தப் பக்கம் இடம் வாங்கி வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் என்று 1990-ல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பின் பட்டியலில் உள்ள கிராமங்களில் தனி அனுமதி வேண்டும். சரிவு, மண், மரம், நீரோடை எல்லாம் பார்ப்பார்கள். ஊருக்குள் கட்டுவது போல நினைத்துக்கொண்டு பொக்லைனை ஏற்றி மலையை வெட்டினால் வம்புதான்.

இதற்குக் கொடைக்கானலே சாட்சி. 1990-களில் அங்கே ஒரு ஓட்டல் அனுமதியைத் தாண்டி மாடி மேல் மாடியாக எழுந்தது. பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை ஏறி, 1995-ல் ஓட்டல் தோற்றது. 2019-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவுப்படி, விதி மீறிய கட்டடங்களுக்கு வரிசையாக சீல் வைத்தார்கள். கோடி கோடியாகப் போட்டவர்கள் பூட்டிய கதவு முன்னால் நின்றார்கள்.

கூரையில் விழும் பணம்

அந்த மலையில் பெய்கிற மழைதான் வடகாடு அருகே பரப்பலாறு அணையில் தேங்கி ஒட்டன்சத்திரத்தின் தாகம் தீர்க்கிறது. அணை 90 அடி உயரம். ஆனால் கூரையில் விழும் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு அணையை மட்டும் அண்ணாந்து பார்ப்பது என்ன கணக்கு?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அப்படியானால் 74 ஆயிரம் லிட்டர்! ஆவியாகப் போவது, வழிந்து போவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 59 ஆயிரம் லிட்டர் மிச்சம். 6 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் என்றால் ஏறக்குறைய 10 லோடு. காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர் அது!

தமிழ்நாட்டில் 2003-லேயே அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். அப்போது ஊரே பரபரத்தது. பைப்புக் கடைகளில் கூட்டம். அதிகாரி வந்து பார்ப்பாரே என்று அவசர அவசரமாகக் குழாய் இறக்கினார்கள். அந்தக் குழாய் பல வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. கீழே குழிதான் இல்லை! சில இடங்களில் குழாய் நேராகத் தெருவைப் பார்த்து நிற்கிறது.

நம் பூமிக்கு அடியில் கெட்டிப் பாறை. மணல் பூமி மாதிரி தண்ணீரை மளமளவென்று உறிஞ்சாது. பாறை இடுக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அதனால் முதலில் ஒரு தொட்டியில் பிடித்து வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டு, மிஞ்சுவதைக் கிணற்றுக்கோ போர் பக்கத்துக் குழிக்கோ விடுவது நம் மண்ணுக்கு ஏற்றது. ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். ஒரு நல்ல மழை ஒன்றரை நாள் செலவுக்குக் காணும்.

குழி எடுக்கும்போது செப்டிக் டேங்க் பக்கமும் அதன் சோக் பிட் பக்கமும் போகக் கூடாது. மனை சின்னது, இடமில்லை என்று இரண்டையும் ஒட்டி வைத்தால் மழைநீரோடு வேறு எதையெல்லாமோ சேர்த்துக் குடிக்க வேண்டி வரும். பிளான் போடும்போதே ஒன்றை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் தள்ளி வைக்கச் சொல்லி என்ஜினீயரைக் கேட்க வேண்டும்.

பழைய குழாய் உள்ளவர்கள் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. குழியைத் தோண்டிப் பார்த்து, அடைந்து கிடக்கும் மண்ணை அள்ளி, ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட்டால் போதும். ஓர் ஆளுக்கு அரை நாள் வேலை. முதல் மழையில் மாடி அழுக்கோடு வரும் தண்ணீரை வெளியே திருப்பிவிட ஒரு மூடி வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். புரட்டாசிக்குள் குழியைச் சுத்தம் செய்து வைத்தால் சரி.