வண்டி பேட்டரிக்கும் ஒரு தராசு வேண்டும்
மைக் செட் வைத்து வியாபாரம் செய்வோர் கவனத்திற்கு

ஊர் ஊராகச் சென்று விற்கும் வியாபாரம் நமது தருமபுரி மாவட்டத்திற்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போன சரக்கு, 2005-ம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு ‘குட்டி யானை’யில் ஏறிக் கொண்டது. பாலக்கோட்டுத் தக்காளி, வெங்காயம், பூண்டு, உப்பு, புளி என்று எதுவானாலும் இன்று வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்து விடுகிறது. வண்டி வந்திருப்பதை ஊருக்குச் சொல்வது கூரை மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. பென்டிரைவில் பதிந்த குரல் ஓயாமல் கூவுகிறது. வியாபாரியின் தொண்டை தப்பித்தது.

ஆனால் அந்தக் குரலுக்குத் தீனி போடுவது யார்? வண்டியைக் கிளப்ப வேண்டிய அதே பேட்டரிதான். தெருமுனையில் இன்ஜினை அணைத்து நிறுத்தி, இரண்டு மணி நேரம் மைக் போட்டு விற்ற பின் சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற ஒலி மட்டும் வருகிறது. சமவெளி ஊரில் நாலு பேர் தள்ளி விடுவார்கள். வத்தல்மலையிலோ சித்தேரியிலோ நின்று விட்டால் மெக்கானிக் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்து விடும். உப்பு மூட்டை காத்திருக்கும், தக்காளி காத்திருக்காது.

அளக்காமல் விற்பதில்லை

நாம் எந்தச் சரக்கையும் அளக்காமல் விற்பதில்லை. பேட்டரியில் உள்ள மின்சாரமும் சரக்குதான். அதை மட்டும் ஏன் அளக்காமல் செலவழிக்க வேண்டும்? அதற்கான தராசுதான் வோல்ட்மீட்டர். 1800-ம் ஆண்டில் முதல் மின்கலத்தை உலகுக்கு அறிவித்த இத்தாலிய அறிஞர் வோல்டாவின் பெயரே ‘வோல்ட்’ என்ற அளவுக்கு இடப்பட்டது. தீப்பெட்டி அளவே உள்ள டிஜிட்டல் மீட்டர் இன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பேட்டரிக்கோ பல ஆயிரம் ஆகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 60 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 7, 8 ஆம்பியர் இழுக்கும். பேச்சில் இடைவெளி இருப்பதால் சராசரியாக அதில் பாதி, அதாவது 4 ஆம்பியர் என்று வைத்துக் கொள்வோம். வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரியானால், நாலு மணி நேரத்தில் அதன் பாதி தீர்ந்து விடும். பேட்டரி பழையதாக இருந்தால் அதற்கும் முன்பே தீரும். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி, ஒரு நொடியில் பெரும் மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிக்கடி அடிவரை வற்ற விட்டால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, ஆயுள் குறைந்து விடும்.

மீட்டர் சொல்வது என்ன?

12 வோல்ட் பேட்டரிக்கு, இன்ஜின் ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது:

12.6-க்கு மேல்: நிறைந்திருக்கிறது.
12.4: முக்கால் பங்கு.
12.2: பாதி. மைக்கை நிறுத்த வேண்டிய இடம் இதுதான்.
12.0: கால் பங்கு. வண்டி கிளம்புவது சந்தேகம்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று பொருள். வேகம் கொடுத்தும் 13-ஐத் தாண்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டரில் கோளாறு. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்ஜினை அணைத்த உடனே மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி விடக் கூடாது. காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பார்ப்பதே உண்மையான இருப்பு. அதுபோல் மைக் ஓடும்போது அளவு சற்று இறங்கித் தெரியும். 12.2-க்குக் கீழே போனால் சத்தத்தைக் குறைத்து இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஏறவில்லையானால் மைக்கை நிறுத்தி இன்ஜினைக் கிளப்பி விடுங்கள்.

கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறோம் அல்லவா? அதுபோல் இந்த மீட்டரையும் எலக்ட்ரீஷியனின் மல்டிமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டுக் கொள்வது நல்லது. விலை குறைந்த மீட்டர்களில் 0.1, 0.2 வோல்ட் வித்தியாசம் இருப்பதுண்டு.

இணைக்கும் முறை

தேவையானவை: டிஜிட்டல் வோல்ட்மீட்டர், சுவிட்ச், 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே, ஃப்யூஸ் கூடுகள் இரண்டு, 4 சதுர மில்லிமீட்டர் தடித்த கம்பி, 1 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பி.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விட வேண்டும். எல்லாம் முடிந்த பின் கடைசியாக அதை மாட்ட வேண்டும்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வர வேண்டும். (ஆம்ப்ளிஃபயருடன் வந்த குறிப்பேட்டில் வேறு அளவு கண்டிருந்தால் அதுவே சரி.) ஃப்யூஸ் தள்ளி இருந்தால், இடையில் கம்பி உரசித் தோல் கிழிந்தாலும் காக்க ஒன்றும் இராது, வண்டியே தீப்பிடிக்கக் கூடும். ஃப்யூஸிலிருந்து தடித்த கம்பி ரிலேயின் 30 என்ற முனைக்கும், 87 என்ற முனையிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவுக்கும் செல்லட்டும். ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவை நேராகப் பேட்டரிக்கே கொண்டு வந்தால் இரைச்சல் குறையும்.

பெரிய ஃப்யூஸைத் தாண்டிய இடத்திலிருந்து மெல்லிய கம்பி எடுத்து, 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகச் சுவிட்சுக்குக் கொண்டு வாருங்கள். சுவிட்சிலிருந்து வெளியேறும் கம்பி இரண்டாகப் பிரிந்து, ஒன்று ரிலேயின் 86 முனைக்கும் மற்றொன்று வோல்ட்மீட்டரின் பாசிட்டிவுக்கும் போக வேண்டும். ரிலேயின் 85 முனையும் மீட்டரின் நெகட்டிவும் பேட்டரி நெகட்டிவுக்கு வரும். சுவிட்சைப் போட்டால் மைக்கும் மீட்டரும் ஒன்றாக உயிர் பெறும். அணைத்தால் இரண்டும் அடங்கும். இரவு முழுவதும் மீட்டர் எரிந்து கொண்டு சொட்டுச் சொட்டாகப் பேட்டரியை வற்ற வைக்கும் தொல்லை இல்லை.

ரிலே எதற்கு என்று கேட்கலாம். சிறிய சுவிட்ச் வழியாகவே ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போனால் நாளடைவில் அதன் முனைகள் கருகும். ரிலே இருந்தால் பெரிய சுமையை அது தாங்கும். சுவிட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கும்.

24 வோல்ட் லாரிகளில் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயரை நேராக இணைத்தால் எரிந்து விடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுப்பதும் தவறு. அது சீக்கிரம் வீணாகும். தகுந்த கன்வர்ட்டர் வைக்க வேண்டும். மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கம்பிகளை யாரும் தொடவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் கம்பியை வெட்டும் முன் விற்பனையாளரிடம் கேட்டுக் கொள்ளவும். அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இந்தக் குறிப்பைக் காட்டினால் ஒரு வேளைக்குள் வேலை முடிந்து விடும்.

சத்தத்திற்கும் சட்டம் உண்டு

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். சத்தத்தைக் குறைத்தால் மின்சாரமும் மிச்சம், வழக்கும் இல்லை. கிராமத்துத் தெருவில் கேட்பதற்குப் பாதிச் சத்தமே போதும். விலை நியாயமாக இருந்தால் வாடிக்கையாளர் மெதுவான குரலுக்கும் வருவார்.

கல்லாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த வியாபாரியும் இரவில் படுப்பதில்லை. பேட்டரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காலையில் வண்டியை எடுப்பதும் வேண்டாம். சாவியைத் திருப்பும் முன் சுவிட்சைப் போட்டு மீட்டரை ஒரு முறை பார்க்கும் பழக்கத்தை நமது வணிகப் பெருமக்கள் தாமும் கைக்கொண்டு, தம்மிடம் பணிபுரியும் ஓட்டுநர்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டுகிறோம்.