கொல்லைக் கோழிகள் – 9: கண்ணிதான் காவல்

பல்புச் சூட்டிலிருந்து குஞ்சுகளை இறக்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இறகு மூடி, பகலில் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்ட அந்தக் குஞ்சுகளுக்கு இனி ராத்தங்க ஓர் இடம் வேண்டும். கூரையும், ஏறி அடையக் கம்பும் இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் கம்பி வலையைப் பேசியாக வேண்டும்.

ஆறு வாரக் குஞ்சுக்கு இருப்பதிலேயே ஆபத்தான வயது இது. பல்பில் வளர்ந்ததால் சிறகு விரித்துக் காக்கத் தாய்க்கோழி இல்லை. எதிர்த்துக் கொத்தும் அளவுக்கு வளரவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் கோழிக்குக் கண் மங்கிவிடும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. பெருச்சாளி, கீரி, மரநாய், பூனை, பாம்பு எல்லாம் இதைத் தெரிந்துகொண்டே வருகின்றன. சரி, நாலு பக்கமும் பலகை அடித்துவிடலாமா? கூடாது. எச்சத்தின் ஈரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா குஞ்சின் மூக்கு மட்டத்திலேயே தேங்கும்; கண் எரிந்து, சளி பிடித்து, ஒவ்வொன்றாகத் துவளும். முழுக்க மூடிய கூண்டு மெதுவாகக் கொல்லும்; ஓட்டையான கூண்டு ஒரே ராத்திரியில் கொல்லும். காற்றை விட்டு, பல்லையும் நகத்தையும் தடுக்கிற ஓட்டை எது என்று தேர்ந்தெடுப்பதுதான் கூண்டு கட்டும் வேலையில் பாதி.

திண்டுக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடையில் கோழி வலை கேட்டேன். கடைக்காரர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி: “பூச்சு வேலைக்கா சார், கூண்டுக்கா?” செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் வெடிப்பு விடாமலிருக்க, கொத்தனார்கள் பூசுவதற்கு முன் ஒரு வலையை ஆணியடித்துப் பதிப்பார்கள். சிக்கன் மெஷ் என்பது அதற்கும் பெயர். அது மெல்லிசு, கையாலேயே இழுத்துக் கிழித்துவிடலாம். கூண்டுக்கு அதை வாங்கிப் போகிறவர்கள் உண்டு என்பதால்தான் அந்தக் கேள்வி.

அறுகோண வலையில் ஒரு முழம் வெட்டித் தரச்சொல்லி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கேயும் கம்பியை வளைத்து அறுகோணம் செய்யவில்லை. எல்லாக் கம்பிகளும் நெடுக்காக ஓடுகின்றன. ஒரு கம்பி இடப்பக்கத்துக் கம்பியோடு சில முறுக்கு முறுக்கிக்கொள்கிறது; பிரிந்து சற்றுத் தூரம் போய் வலப்பக்கத்துக் கம்பியோடு முறுக்கிக்கொள்கிறது; மறுபடி இடம், மறுபடி வலம். இப்படிச் சேர்ந்து பிரிவதில் தானாக விழுகிற சந்துதான் அந்த ஆறு மூலை.

இந்த வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து இரும்பு வியாபாரி சார்லஸ் பர்னார்ட். ஆண்டு 1844. நாரிச் பல நூற்றாண்டுகளாகக் கம்பளித் துணி நெய்து பெயர் வாங்கிய ஊர். எங்கு திரும்பினாலும் தறி. நூல் ஓடுகிற வழியில் கம்பியை ஓட்டினால் என்ன என்று யோசித்த மனிதர், தறியை மனத்தில் வைத்தே வலை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். நம் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் கோழி வலைக்கு ஒரு நெசவாளர் ஊரே பாட்டன் என்று படித்தது முதல், எந்த வேலியைக் கண்டாலும் நின்று பார்க்கிறேன்.

அந்த வலை கண்டம் தாண்டியும் போனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பயிரை மேய்ந்து தீர்த்த முயல்களைத் தடுக்க, 1901-ல் தொடங்கி 1907-க்குள் மூன்று வேலிகள் போட்டார்கள். முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். மூன்றும் சேர்ந்து 3,200 கிலோமீட்டருக்கு மேல். கம்பங்களும் நெடுங்கம்பிகளும் நிற்க, அடிப்பகுதி முழுக்கக் கம்பி வலை. முயல் பறித்து நுழையக் கூடாது என்று வலையில் அரையடியை மண்ணுக்குள் புதைத்தார்கள். வேலி முடிவதற்குள் முயல்கள் அந்தப் பக்கமும் போய்விட்டிருந்தன என்பது வேறு கதை. அந்த அரையடியை நினைவில் வையுங்கள். நமக்கு வேண்டியது அந்த யோசனைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஓர் அத்தை குஞ்சுகளை மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்கிறார். அந்தப் பஞ்சாரத்துக் கண்ணும் அறுகோணம்தான்! ஆனால் வந்த வழி வேறு. மூங்கில் சிம்புகள் முறுக்கிக்கொள்வதில்லை. மூன்று திசையில் நேராக ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, நடுவில் ஆறு மூலையை விட்டுவிடுகின்றன. “பகலுக்குத்தாம்ப்பா பஞ்சாரம். காக்காயும் பருந்தும் தூக்காது. ராத்திரிக்கு இத நம்ப முடியுமா?” என்றார் அத்தை. பொழுது சாய்ந்தால் அவர் குஞ்சுகள் திண்ணைக்கடியில் கல் வைத்துக் கட்டிய கூண்டுக்குப் போய்விடும்.

அத்தை சொன்னதைக் கோழி வலைக்கும் சொல்லலாம். கோழியை உள்ளே நிறுத்த அது போதும். வெளியே இருப்பதைத் தடுக்கப் போதாது. தெருநாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். முக்கால் அங்குலம், ஓரங்குலக் கண்ணிக்குள் பூனையின் கை நுழையும். சின்ன எலியே நுழையும். வலையோரம் அடைந்த குஞ்சின் காலைப் பிடித்து வெளியிலிருந்தே கடித்துவிடும். ஆகவே இளங்குஞ்சுக் கூண்டுக்கு அரையங்குல வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். சுண்டுவிரல் நுனிக்கு மேல் அதில் நுழையக் கூடாது. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 19-ஐத் தாண்ட வேண்டாம். பற்றவைத்த பிறகு துத்தநாகப் பூச்சு போட்ட வலையா என்றும் கேளுங்கள். பூசிய கம்பியைப் பிறகு பற்றவைத்தால், ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு எரிந்து, அங்கிருந்துதான் துரு கிளம்பும். காசு இடித்தால் கீழ் மூன்றடிக்கு வெல்ட் மெஷும் மேலே கனமான கோழி வலையும் போடலாம். ஆனால் மரநாய் ஏறும் ஊராக இருந்தால் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

இனி அளவு. பன்னிரண்டு குஞ்சுக்கு ஆறடிக்கு நாலடி. வளர்ந்த பிறகும் தலைக்கு இரண்டு சதுர அடி கிடைக்கும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும்; காலை, மாலை வெயில் நீளப் பக்கத்தில் நேராக அடிக்காது. சட்டத்துக்குச் சவுக்குக் கம்பு போதும். வலையை வெறும் ஆணியால் அடித்தால் ஒரு தள்ளுக்குக் கழன்றுவிடும். யு ஆணி அடித்து, மேலே ரீப்பர் கட்டை வைத்து முடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய அரையடிக்கு வருகிறேன். பெருச்சாளி பெரும்பாலும் சுவரின் காலடியில்தான் பறிக்கத் தொடங்கும். வலையின் கீழ் ஓரத்தை ஓரடி வெளிப்பக்கமாக மடக்கிப் படுக்கவைத்து, மேலே நாலு விரற்கடை மண் போட்டு, கல் பரப்பிவிடுங்கள். பறிக்கிற இடமெல்லாம் கம்பி தட்டும். ஓரடி பின்வாங்கிப் பறிக்க அதற்குத் தோன்றாது. ஆழக் குழி வெட்டி வலையைச் செங்குத்தாக இறக்குவதைவிட இதில் பாடு குறைவு.

ஐப்பசி பிறக்குமுன் வடக்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் சுருட்டி இறக்கும் சாக்குத் திரை தைத்து வையுங்கள். வடகிழக்குச் சாரல் உள்ளே அடித்தால் தரையில் போட்ட உமி நனையும்; நனைந்த உமியில்தான் ரத்தக்கழிச்சல் பிடிக்கும். மழையிலும் திரையின் மேல் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும்.

கட்டி முடித்த அன்று இருட்டியதும் உள்ளே ஒரு டார்ச்சை எரியவிட்டு, வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். வலை வழியாக வருவது பொடி வெளிச்சம். கதவோரத்திலோ மூலையிலோ கூரை சேரும் இடத்திலோ பட்டையாக வெளிச்சம் தெரிந்தால், அதுவே கீரியின் வாசல். அதை அடைக்காமல் குஞ்சை உள்ளே விடாதீர்கள்.

கூரை அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. தகரம் போடப் போகிறவர்கள் ஒரு வாரம் பொறுங்கள். கோழிக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அது எப்படித் தாங்கும் என்று பேசிவிட்டு, பிறகு கீற்றா தகரமா என்று முடிவெடுப்போம்.