சாளக்கிராமம் ஈன்ற கண்டகி

பட்டுத்தறிகளின் ஓசையில் பொழுது விடியும் ஆரணியை ஆறு அணி செய்வதால் அப்பெயர் பெற்றது என்பர். ஜமதக்னி முனிவரின் கமண்டலத்தோடு தொடர்புடையதாகப் போற்றப்படும் கமண்டல நாகநதியே அந்த ஆறு. அதன் கரையில் வாழும் வைணவ இல்லங்கள் சிலவற்றில், சிறு பட்டுத் துணியின் மீது கருநிறக் கல் ஒன்று எழுந்தருளியிருக்கும். அன்றாடம் திருமஞ்சனமும் துளசியும் ஏற்கும் அந்தச் சாளக்கிராம மூர்த்தியின் பிறப்பிடம் வேறொரு நதி. இமயத்தின் மறுபுறம், திபெத் எல்லையை ஒட்டிய நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில் தோன்றும் கண்டகியே அது.

திருமாலே தன் வயிற்றில் பிள்ளையாகப் பிறக்க வேண்டும் என்று கண்டகி தவம் இயற்றினாள் என்றும், அவ்வாறே அவர் கல்வடிவில் அவளிடம் தோன்றினார் என்றும் புராணம் கூறும். வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து உள்ளே சக்கரம் வரைந்தது என்பது மரபு. நிலவியலார் கூற்று வேறு. இன்று இமயம் நிற்கும் இடத்தில் முன்பு டெதிஸ் என்னும் கடல் இருந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அதில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரினங்கள் சேற்றில் புதைந்து கல்லாயின. மலை உயர்ந்தபோது அவையும் உயர்ந்தன. ஆறு கரையை அரிக்கும்போது அவை வெளிப்படுகின்றன. பாற்கடலில் பள்ளிகொண்டவனின் திருவுருவம் ஒரு பழங்கடலின் அடியிலிருந்து கிடைப்பது வியப்பிற்குரியதே.

திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருச்சாளக்கிராமம் முக்திநாத் என்பதே பலரின் கொள்கை. சுமார் 3,700 மீட்டர் உயரத்திலுள்ள அத்தலத்தில் 108 நீர்த்தாரைகளில் அடியார்கள் நீராடுகின்றனர். அதன் தெற்கே, 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவுக்கும் இடையே நதி பெரும் பள்ளத்தாக்கில் பாய்கிறது. மேலே வறண்ட பாறைகளில் நீலச் செம்மறிகளும் அவற்றை வேட்டையாடும் பனிச்சிறுத்தைகளும் வாழ்கின்றன. இலையுதிர் காலத்தில் கொக்குக் கூட்டங்கள் இப்பள்ளத்தாக்கின் வழியே பறந்து பாரதம் வந்து சேர்கின்றன.

தேவகாட்டில் திரிசூலியோடு கூடியபின் நதிக்கு நாராயணி என்று பெயர். 1973-இல் அமைந்த சித்வன் தேசியப் பூங்காவை ஒட்டி அது செல்கையில், ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் நீர் அருந்த வருகின்றன. கரியால் எனும் நீள்மூக்கு முதலை மணல்திட்டில் வெயில் காய்கிறது. ஆண் முதலையின் மூக்கு நுனியில் பானை போன்ற புடைப்பு இருப்பதால் அப்பெயர். மீனையே உண்ணும் இது மனிதரை வேட்டையாடுவதில்லை.

கஜேந்திர மோட்சம் நிகழ்ந்த இடம், கண்டகி கங்கையோடு கலக்கும் பீகாரின் சோன்பூர் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. புராணத்தில் முதலையிடமிருந்து யானையை இறைவன் காத்தான். இன்றோ காப்புத் தேவைப்படுவது முதலைக்கே. மீன்வலைகளில் சிக்கியும், முட்டையிடும் மணற்கரைகளை இழந்தும் கரியால் அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1978 முதல் சித்வனில் முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை ஆற்றில் விடுகின்றனர். வெள்ளத்தில் எல்லையிலுள்ள தடுப்பணையைக் கடந்து அடித்து வரப்படுபவை மேலே திரும்ப இயலாது. மேற்பகுதியில் அணைகள் பெருகினால், நீரும் மணலும் தம் போக்கில் கீழிறங்குவதும் தடைப்படும்.

அணையும் வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்பது அங்குள்ள ஏழை மக்களின் நியாயமான தேவை. ஆயினும் நதியின் ஓட்டம் முற்றும் தடைப்படாமல் பார்த்துக்கொள்வதும் தருமமே. ஓடும் நீர் கரையை அரித்தால்தான் சாளக்கிராமம் கிடைக்கும். அதே நீர் மணலைக் கொணர்ந்தால்தான் கரியால் முட்டையிடும்.

சாளக்கிராம தீர்த்தத்தைக் கையில் ஏந்தும்போது, அக்கல்லைத் தந்த நதியையும் ஒரு கணம் நினைத்தல் நன்று. கண்டகி நெடுந்தொலைவில் இருக்கிறாள். ஆனால் கமண்டல நாகநதி ஊர் எல்லையிலேயே இருக்கிறது. பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும் அதன் படுகையில் குப்பை கொட்டாதிருப்பதும் ஒரு திருமஞ்சனமே.